வெண்டார் வாயே திறக்கல, ஓட்டைய வெளிய சொல்லிடலாமா?

கன்சோல்காரன்

வணக்கம் மக்களே. ஒரு பேக்கப் சாஃப்ட்வேரோட வெப் கன்சோல என் லேப்ல இன்ஸ்டால் பண்ணி நோண்டிட்டு இருந்தேன், யூஆர்எல்ல வர்ற ஐடி நம்பர மாத்துனா அடுத்த யூசரோட பேக்கப் அப்படியே டவுன்லோட் ஆகுது, லாகின் கூட தேவையில்ல. கம்பெனி பேரு இப்போதைக்கு வேணாம். அவங்க சைட்ல செக்யூரிட்டி டாட் டெக்ஸ்ட் ஃபைலும் (ஓட்டைய யாருக்குச் சொல்லணும்னு எழுதி வைக்கிற ஃபைல்) கிடையாது, செக்யூரிட்டிக்குனு தனி மெயிலும் கிடையாது, அதனால சப்போர்ட்டுக்குத்தான் எழுதுனேன். டிக்கெட் வந்துச்சு, அப்புறம் ஒருத்தர், மேற்கொண்டு பேசணும்னா என்டிஏல (வெளிய சொல்ல மாட்டேன்கிற ஒப்பந்தம்) கையெழுத்து போடுங்கன்னார், நான் போடல. அதோட சரி, ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. நடுவுல புது வெர்ஷன் வேற விட்டாங்க, ஓட்டை அப்படியே இருக்கு. எழுதிப் போட்டுடலாம்னு கை துறுதுறுங்குது, ஆனா பேட்ச் (ஓட்டைய அடைக்கிற அப்டேட்) இல்லாம போட்டா யூஸ் பண்றவங்க கதி? நெட்ல இருக்க சர்வர்கள தேடுற ஷோடன்ல தேடுனா, இந்த கன்சோல் திறந்து கிடக்குறது நிறையவே வருது.

ரூட்பையன்

போட்டு உடைச்சிடு ப்ரோ. நீ கண்டுபிடிச்சத வேற எவனும் இன்னும் பார்க்கலன்னு என்ன நிச்சயம்? ஐடி நம்பர மாத்திப் பாக்குறது எவனும் முதல்ல பண்ற வேலை. 2000லயே ஆர்எஃப்பாலிசினு ஓட்டைய எப்படி வெளியிடணும்னு ஒரு வழிமுறை இருந்துச்சு, அதுல வெண்டார் பதில் சொல்லவே 5 வேலை நாள் தான், நீ என்னடான்னா ரெண்டு மாசம் உக்காந்திருக்க.

எம்பார்கோ_அக்கா

தம்பி, முதல்ல ஒன்னு சொல்லு, உன் மெயில்ல தேதி போட்டியா? இன்ன தேதிக்கு மேல வெளியிடுவேன்னு? போடலன்னா வெண்டார் பார்வையில உனக்கு அவசரமே இல்ல. கூகுளோட ஓட்டை தேடுற டீம் ப்ராஜெக்ட் ஜீரோ வெண்டாருக்கு 90 நாள் கெடு குடுக்கறது ஊருக்கே தெரியும், ஏற்கனவே எவனாவது அந்த ஓட்டைய வச்சு தாக்கிட்டு இருந்தா 7 நாள். ஓட்டை கண்டுபிடிச்சவனுக்கும் வெண்டாருக்கும் நடுவுல பேசுற அமெரிக்க அமைப்பு செர்ட் சிசி 45 நாள் வச்சிருக்காங்க. இவங்ககிட்ட இருந்து ரிப்போர்ட் போகும்போதே வெண்டாருக்கு கெடு தெரிஞ்சிரும், பாதியில கோவம் வந்து சொன்னா மிரட்டல் மாதிரி படிப்பாங்க, அப்புறம் வக்கீல் நோட்டீஸ்தான் வரும்.

என்டிஏ போடாதது நல்லது, போட்டிருந்தா பேட்ச் வந்த பிறகும் வாயத் திறக்க முடியாது. இப்ப செர்ட் சிசியோட வின்ஸ் போர்ட்டல்ல ரிப்போர்ட் பண்ணு, வெண்டார் கூட பேசுற வேலைய அவங்க எடுத்துப்பாங்க, அவங்க மெயில் லீகல் டீம் வரைக்கும் போகும். மெயில்ல காசு பேச்சே எடுக்காத. அப்புறம் ஷோடன்ல எண்ணிப் பாக்குறது வரைக்கும் சரி, அந்த சர்வர்ல ஒன்னுலயாவது ஐடிய மாத்திப் பாத்தேன்னா நீ பக்கம் மாறிட்டேன்னு அர்த்தம், "சும்மா செக் பண்ணேன்"லாம் எடுபடாது.

டிரியாஜ்_மேஜை

நான் வெண்டார் சைடுல இருக்கவன், அடிக்காதீங்க. சப்போர்ட்டுக்கு வர்ற மெயில் பாதி எங்க கைக்கே வராது, "எப்படி பண்றதுனு கஸ்டமர் கேக்குறார்"னு க்ளோஸ் பண்ணிடுவாங்க. சப்ஜெக்ட்ல லாகின் இல்லாம அடுத்தவன் பேக்கப் டவுன்லோட் ஆகுதுனு நேரா எழுதுங்க, வெர்ஷன் நம்பர், ரிக்வெஸ்ட், ரெஸ்பான்ஸ் மூணும் வைங்க. ஃபிக்ஸ் ஒரு வரியா இருக்கும், அத சப்போர்ட்ல இருக்க பழைய வெர்ஷன் ஒவ்வொன்னுக்கும் கொண்டு போயி டெஸ்ட் பண்றதுதான் உயிர எடுக்கும். அதுக்காக பதிலே போடாம இருக்கத நான் நியாயப்படுத்தல.

ரூட்பையன்

சரி செர்ட் வழியாவே போகட்டும், ஆனா பேட்ச் வந்ததும் பிஓசி (ஓட்டை வேலை செய்யுதுனு காட்டுற கோட்) போடணுமா வேணாமா? டீடெயில மறைச்சு வச்சா தாங்காது. 2008ல செக்யூரிட்டி ஆராய்ச்சியாளர் டான் காமின்ஸ்கி, சைட் பேர ஐபி முகவரியா மாத்துற டிஎன்எஸ்ல இருந்த ஓட்டைய எத்தன வெண்டார சேர்த்து ஒரே நாள்ல பேட்ச் பண்ண வச்சார், ஜூலை 8, டீடெயில் பிளாக் ஹேட் மாநாட்டுல சொல்றேன்னார். ரெண்டு வாரத்துக்குள்ள யாரோ யூகிச்சு வெளிய வந்துருச்சு.

எம்பார்கோ_அக்கா

வந்துச்சு, ஆனா பேட்ச் அதுக்கு முன்னாடி கைல இருந்துச்சே, அந்த ரெண்டு வாரம் சும்மா போகல. இன்னொரு பக்கம் ஃபைல பூட்டி காசு கேட்ட வான்னாக்ரை பாரு, மைக்ரோசாஃப்ட் பேட்ச் 2017 மார்ச்ல, எக்ஸ்ப்ளாய்ட் (ஓட்டைய வச்சு தாக்குற) கோட் லீக் ஆனது ஏப்ரல்ல, மே 12 அன்னிக்கு தானா பரவுற வோர்ம். ரெண்டு மாசம் இருந்தும் போடாதவங்க அவ்ளோ பேர். அதான் ப்ராஜெக்ட் ஜீரோவே 2021ல மாத்திக்கிட்டாங்க, 90 நாளுக்குள்ள பேட்ச் வந்தா டீடெயிலுக்கு இன்னும் 30 நாள்.

டிரியாஜ்_மேஜை

ரெண்டு பேரும் சொல்றது சரி, ஆனா ஓட்டை எவ்ளோ சிம்பிள்னு பாக்கணும். மெமரிய கெடுக்குற ஓட்டை (மெமரி கரப்ஷன்) மாதிரினா பேட்ச டிஃப் பண்ணாலும் (பழைய கோடோட ஒப்பிட்டாலும்) எக்ஸ்ப்ளாய்ட் எழுத ஆள் வேணும், நேரம் வேணும், அங்க பிஓசிய தள்ளிப் போட்டா லாபம் இருக்கு. இது அப்படி இல்ல. "இந்த ப்ராடக்ட்ல இந்த கன்சோல்ல பிரச்சனை"னு ஒரு வரி போதும், படிக்கிறவன் அன்னிக்கு சாயங்காலமே கண்டுபிடிச்சிடுவான். இங்க பேரு சொல்றதும் பிஓசி போடறதும் ஒன்னுதான்.

கன்சோல்காரன்

அட, நான் பேரு மட்டும் போட்டு "கன்சோல நெட்ல வைக்காதீங்க"னு எச்சரிக்கலாம்னு தான் நினைச்சிருந்தேன். அதுவும் ஆபத்துங்கிறீங்களா?

டிரியாஜ்_மேஜை

பேட்ச் இல்லாம, கெடு முடியாம, ஆமா. கெடு முடிஞ்சும் பேட்ச் வரலன்னா கண்டிப்பா போடுங்க, அப்ப பேரு, வெர்ஷன், கன்சோல விபிஎன் பின்னாடி தள்றது எப்படி, லாக்ல ஐடி வரிசையா ஏறிட்டே போற ரிக்வெஸ்ட எப்படி தேடறது, எல்லாம் சேர்த்து. யூஸ் பண்றவங்களுக்கு அதுதான் வேணும். ஓட்டைக்கு குடுக்குற பொது அடையாள நம்பர்தான் சிவிஇ, வெண்டார் அத தானே குடுக்க உரிமை உள்ள சிஎன்ஏ இல்லன்னா, சிவிஇ பட்டியல நடத்துற மைட்டர் அமைப்போட ஃபார்ம்ல முன்னாடியே கேட்டு வைங்க, நம்பர் இல்லாத ஓட்டைய ஸ்கேனர் பெரும்பாலும் கண்டுக்காது. வெண்டார் சத்தமில்லாம "சின்ன திருத்தங்கள்"னு ரிலீஸ் நோட்ல போட்டு மூடப் பார்ப்பாங்க, அதுக்கு மட்டும் ஒத்துக்காதீங்க, டிஃப் பண்றவனுக்கு மட்டும் தெரியும், அப்டேட் போட வேண்டியவனுக்குத் தெரியாது.

கன்சோல்காரன்

சரி, வின்ஸ்ல போட்டுட்டேன். வெண்டாருக்கும் தேதி போட்டு, சப்ஜெக்ட மாத்தி புது மெயில் அனுப்பிட்டேன்.

ரூட்பையன்

அந்த தேதிய மட்டும் "இன்னும் ஒரு வாரம் குடுங்க"ன்னு கேட்டா உடனே தள்ளிடாத ப்ரோ, எந்த பில்டுல ஃபிக்ஸ் வருதுனு கேளு, சொன்னா மட்டும் குடு.