பேக்கப் டிஸ்க் எங்கே இருக்கிறது? புதுச்சேரி, கடலூர் அனுபவங்கள்

ரெயின்போ நகர், புதுச்சேரி

வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த படம், பத்திரம், கணக்கு எல்லாம் போய் மீட்டவர்களும் மீட்க முடியாமல் போனவர்களும் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். நான் ஆரம்பிக்கிறேன்.

கம்ப்யூட்டர் சர்வீஸ் என் தொழில். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர். வடிந்த பிறகு கடைக்கு வந்தவை பெரும்பாலும் மேசைக்கு அடியில் தரையோடு வைத்திருந்த சிபியூக்கள்தான்.

அதில் ஓர் அம்மா கொண்டுவந்த பை இன்னும் நினைவில் இருக்கிறது. அவர் கணவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், காலமாகிவிட்டார். மாதாமாதம் எல்லாவற்றையும் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் காப்பி எடுத்து, மேலே தேதி எழுதி ஒட்டும் பழக்கம் அவருக்கு. அவருக்குப் பிறகு மகனும் அதை விடவில்லை. ஆனால் அந்த டிஸ்க் இருந்தது அதே மேசையின் கீழ் டிராயரில். சிபியூவும் முழுகியது, டிஸ்கும் முழுகியது. “தம்பி, பேரனுக்கு அவர் கதை சொன்ன ஆடியோ இதுலதான் இருக்கு” என்றார்.

ஹார்ட் டிஸ்கைக் கழற்றிப் பார்த்தால் ஓரிடத்தில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும். பக்கத்திலேயே ‘இதை மூடாதீர்கள்’ என்று அச்சடித்திருப்பார்கள். உள்ளேயும் வெளியேயும் காற்றழுத்தம் சமமாக இருக்க வைத்த துளை அது. உள்பக்கம் உள்ள வடிகட்டி தூசியைத் தடுக்கும், வெள்ளத்தைத் தடுக்காது. (ஹீலியம் அடைத்த டிஸ்குகளில் இந்தத் துளை கிடையாது.) தண்ணீரோடு போகும் வண்டல் உள்ளே சுழலும் தட்டில் படிந்துவிடும். தட்டுக்கும் அதைப் படிக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி நானோமீட்டர் கணக்கு. அந்த நிலையில் கரண்ட் கொடுத்தால் ஹெட் சேற்றில் உரசித் தட்டைச் சுரண்டிவிடும்.

மகன் பதற்றத்தில் எக்ஸ்டர்னல் டிஸ்கை லேப்டாப்பில் சொருகிப் பார்த்திருக்கிறார். டக் டக் என்று சத்தம். சிபியூவை யாரும் ஆன் செய்யவில்லை. இரண்டையும் சென்னையில் ஒரு டேட்டா ரெக்கவரி லேபுக்கு அனுப்பினோம். ஆன் செய்யாத டிஸ்கிலிருந்து பெரும்பகுதி கிடைத்தது, அந்த ஆடியோவும் சேர்த்து. சொருகிப் பார்த்ததில் ஒன்றும் தேறவில்லை. செலவு ஒரு புது கம்ப்யூட்டர் விலையைத் தாண்டிவிட்டது.

நனைந்த டிஸ்கை ஆன் செய்யாதீர்கள். வெயில், ஹேர் டிரையர், அரிசி டப்பா எதுவும் வேண்டாம். சேறு காய்ந்து ஒட்டினால் லேபுக்காரர்களுக்கே கஷ்டம். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டி அப்படியே அனுப்புங்கள்.

நான் எல்லோரிடமும் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: காப்பியை வேறு வீட்டில் வையுங்கள். 2011இல் தானே புயல், 2015இல் வெள்ளம், 2020இல் நிவர் புயல், அப்புறம் ஃபெஞ்சல். நம் கரையில் மேசைக்கு வந்த தண்ணீர் பக்கத்து அலமாரியை விட்டுவைப்பதில்லை.

மஞ்சக்குப்பம், கடலூர்

அண்ணா, எங்கள் பெரியப்பா வீட்டில் தண்ணீர் வரவில்லை, வேறொன்று வந்தது. பட்டா, வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வைத்திருந்தார். பேரன் போட்டோ எடிட்டிங் சாஃப்ட்வேர் ஒன்றின் கிராக் காப்பியை, அதாவது காசு கட்டாமல் ஓட உடைத்த திருட்டுக் காப்பியை இறக்கினான். ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய்யச் சொல்லியிருந்தது, செய்துவிட்டான். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு ஃபைலின் பெயருக்குப் பின்னாலும் புதிதாக நாலு எழுத்து. எதுவும் திறக்கவில்லை. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ‘ரீட்மீ’ என்று ஒரு குறிப்பு: 980 டாலர் கட்டு, 72 மணி நேரத்துக்குள் பேசினால் 490. ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸுக்கு ரான்சம்வேர் என்று பெயர்; அதில் ஸ்டாப் அல்லது டிஜேவியு என்று சொல்லும் வகை இது. கிராக், கீஜென் (திருட்டு லைசென்ஸ் எண் தயாரிக்கும் புரோகிராம்) வழியாக வீட்டுக் கம்ப்யூட்டர்களைத்தான் அதிகம் பிடிக்கும்.

பேக்கப் டிஸ்க் இருந்தது. ஆனால் எப்போதும் யுஎஸ்பியில் சொருகியே கிடந்தது. அதுவும் சேர்ந்து பூட்டிக்கொண்டது. விண்டோஸ் தானாக எடுத்து வைத்திருக்கும் பழைய நகல்களையும் அந்த வைரஸ் அழித்துவிட்டது.

பணம் கட்டவில்லை. கட்டினாலும் சாவி வரும் என்பதற்கு யார் பொறுப்பு? எம்சிசாஃப்ட் என்ற ஆன்டிவைரஸ் நிறுவனம் இலவசமாகக் கொடுத்த கருவி, குறிப்பில் உள்ள ஐடி ‘டி1’ என்று முடிந்திருந்தால் பல சமயம் திறந்து கொடுக்கும். எங்களுடையது அப்படி முடியவில்லை. கைகொடுத்தது பண்ருட்டியில் இருக்கும் பெரியம்மாவின் தம்பி. ஒரு பாகப்பிரிவினைப் பேச்சுக்காக முழு காப்பியையும் பென்டிரைவில் வாங்கிப்போய் பீரோவில் வைத்திருந்தார். புதுசாக விண்டோஸ் போட்டு, அதிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப ஏற்றினோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த வகை ரான்சம்வேர் கூடவே பாஸ்வேர்டு திருடும் புரோகிராமையும் இறக்கிவிடுவதுண்டு. அதனால் வேறொரு போனிலிருந்து மெயில், நெட் பேங்கிங் பாஸ்வேர்டுகளை முதலில் மாற்றினோம். பணம் ஏதாவது போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அடித்துச் சொல்ல வேண்டும்.

லாஸ்பேட்டை

எங்கள் வீட்டில் இடி மின்னலில் மதர்போர்டு போனது. டிஸ்க் நன்றாக இருந்தது. புது போர்டு போட்டு ஆன் செய்தால் பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டது. அப்படி ஒன்று இருப்பதே வீட்டில் யாருக்கும் தெரியாது. இப்போதெல்லாம் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் போட்டு விண்டோஸ் 11 நிறுவினால் பெரும்பாலும் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகி, கீ இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டிக்கொள்கிறது. நல்ல வேளை, கீ அந்த அக்கவுன்டிலேயே சேமிப்பாகியிருந்தது. இப்போது பேப்பரில் எழுதி ரேஷன் கார்டோடு வைத்திருக்கிறோம். அந்த அக்கவுன்டின் பாஸ்வேர்டு மறந்திருந்தால் டிஸ்க் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

நெல்லிக்குப்பம்

எல்லாம் கூகுள் டிரைவில் இருக்கிறதே அண்ணா, அது போதாதா?

ரெயின்போ நகர், புதுச்சேரி

அதையும் வைத்துக்கொள்ளுங்கள் தம்பி, அதை மட்டும் நம்பாதீர்கள். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். டிராஷில் 30 நாள்தான் இருக்கும், யாரும் கவனிக்காமல் அது தாண்டிவிட்டால் அவ்வளவுதான். மஞ்சக்குப்பம் தம்பி சொன்ன மாதிரி ஃபைல் பூட்டிக்கொண்டால், பூட்டியதுதான் மேலே ஏறும். பழைய வெர்ஷன் கேட்டு வாங்கலாம், அதற்கும் காலக்கெடு உண்டு. இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி, ஜிமெயில், போட்டோ எல்லாவற்றுக்கும் சேர்த்து. ஒரு கல்யாண வீடியோவுக்கே காணாது.

என் வீட்டில் இரண்டு எக்ஸ்டர்னல் டிஸ்க். காப்பி ஓடும் நேரம் தவிர இரண்டுமே சொருகியிருக்காது. ஒன்று இங்கே மாடியில், இன்னொன்று வில்லியனூரில் தங்கச்சி வீட்டில். போகும்போது இதைக் கொடுத்து அதை வாங்கி வருவேன். வந்த டிஸ்கிலிருந்து நாலைந்து ஃபைலை வேறொரு லேப்டாப்பில் திறந்து பார்ப்பேன், ஒரு பழைய வீடியோவைக் கடைசி வரை ஓட்டிப் பார்ப்பேன். காப்பி முடிந்தது என்று திரையில் வந்தும் ஃபைல் திறக்காத டிஸ்குகள் கடைக்கு நிறைய வருகின்றன.

துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியதாகச் செய்தி வந்தால் மழை தொடங்கும் முன்பே கடைசிக் காப்பி எடுத்துவிடுவேன். சிபியூவின் பவர், நெட் கேபிள் இரண்டையும் பிடுங்கி மேசை மேல் ஏற்றிவிடுவேன். டிஸ்க்குக்கு ஜிப் வைத்த பை, அதற்குள் சிலிக்கா ஜெல். டேப்பை அந்தத் துளையின் மேல் மட்டும் ஒட்டிவிடாதீர்கள்.