விபத்து இழப்பீட்டு வழக்கில் சம்மன் வந்துள்ளது. இன்சூரன்ஸ் நிறுவனமே பார்த்துக்கொள்ளுமா?

கேள்வி:
சென்னை சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் இயங்கும் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலிருந்து, கார் உரிமையாளரான என்னை முதல் எதிர்மனுதாரராகவும் இன்சூரன்ஸ் நிறுவனத்தை இரண்டாம் எதிர்மனுதாரராகவும் குறித்துச் சம்மன் வந்துள்ளது. விபத்தன்று காரை ஓட்டியவர் என் தம்பி. பாலிசி நடப்பில் இருந்ததால் பேசாமல் இருந்துவிடலாமா?

பதில் 1:
கூடாது, ஐயா. வாய்தா நாளில் நீங்களோ உங்கள் வழக்கறிஞரோ முன்னிலையாகாவிட்டால், நீங்கள் இல்லாமலேயே ஒருதலைப்பட்சமாக விசாரணை நடக்கும். ஓட்டியவரிடம் செல்லத்தக்க உரிமம் இல்லை என்று நிறுவனம் வாதிட்டால் அதை மறுக்க அங்கே ஆளிருக்காது. பாதிக்கப்பட்டவருக்கு நிறுவனம் முதலில் பணம் கட்டிவிட்டு, பின்னர் உங்களிடமே அதை வசூலித்துக்கொள்ளும்படி தீர்ப்பாகவும் வாய்ப்புண்டு.

பதில் 2:
சம்மன், மனு ஆகியவற்றின் நகல்களுடன் ஆர்.சி. புத்தகம், பாலிசி, தம்பியின் உரிமம் ஆகியவற்றின் நகல்களையும் நிறுவனத்துக்கு சேர்ந்ததற்கான ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள். முகவர் தொலைபேசியில் சொல்லும் "பார்த்துக்கிறோம் சார்" நீதிமன்றத்தில் செல்லுபடியாகாது. மனுவில் உள்ள வண்டி எண், தேதி, நேரம் ஆகியவை முதல் தகவல் அறிக்கையோடு பொருந்துகின்றனவா என்றும் பாருங்கள்.

பதில் 3:
காவல்துறை தொடர்ந்த குற்ற வழக்கு இதிலிருந்து தனி. அலைச்சல் மிச்சம் என்று நினைத்து உங்கள் தம்பி அங்கே குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால், அந்த ஒப்புதலே தீர்ப்பாயத்தில் அவருடைய கவனக்குறைவுக்குச் சான்றாகக் காட்டப்படும் என்பதால், வழக்கறிஞரைக் கேட்காமல் அதைச் செய்ய வேண்டாம்.