நீங்கள் எந்தக் கட்சி? கன்சோல் சண்டைகளும் அசெம்பிள் கம்ப்யூட்டர்களும்

முத்தியால்பேட்டையான்:

மகன் பிளேஸ்டேஷன் 5 கேட்கிறான், டிவியில் மாட்டி ஆடும் கேம் மெஷின், கன்சோல் என்பார்கள். இன்னும் கொஞ்சம் காசு போட்டால் நல்ல கம்ப்யூட்டரே அசெம்பிள் பண்ணிவிடலாம் என்பது என் கட்சி. வீட்டில் பேச்சுவார்த்தை முறிந்து கிடக்கிறது. புதுவை, கடலூர் பக்கத்து ஆட்கள் எதில் ஆரம்பித்தீர்கள், இப்போது எங்கே வந்து நிற்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.

முதலில் என் கதை. 90-களில் எங்கள் தெருவில் பல வீட்டிலும் இருந்தது நிண்டெண்டோவின் நகல்தான். அந்தப் பெயர் யாருக்கும் தெரியாது, டிவி கேம் என்போம். கேசட்டில் ‘9999 இன் 1’ என்று போட்டிருக்கும். உள்ளே கொஞ்சம் ஆட்டங்களே பெயர் மாற்றித் திரும்பத் திரும்ப வரும். எதிர்வீடு சொல்தா குடும்பம், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்கள். அந்த வீட்டு மாமா பாரீஸிலிருந்து லீவுக்கு வந்தபோது நிண்டெண்டோவின் போட்டிக் கம்பெனி செகாவின் மெகா டிரைவ் கொண்டுவந்தார். எங்களுடையது ஜப்பானில் 1983-இல் வந்த 8 பிட் மெஷினின் நகல். அது 1988-இல் வந்த 16 பிட், ஒரு தலைமுறை மேலே. தெரு இரண்டாகப் பிரிந்தது.

வேடிக்கை என்னவென்றால், அதை யாராலும் ஆட முடியவில்லை. பிரெஞ்சு டிவிகளில் இருக்கும் ஸ்கார்ட் என்ற 21 பின் பிளக்தான் அதோடு வந்தது. எங்கள் தெரு டிவி எதிலும் அதற்கு இடம் கிடையாது. மெக்கானிக் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். ஷோகேஸில் உட்கார்ந்தபடியே செகா கட்சி ஜெயித்துக்கொண்டிருந்தது. அடுத்த லீவுக்கு மாமா டிவியையே தூக்கிக்கொண்டு வந்தார், அது தனிக்கதை.

பாப்புலியூர் பழசு:

அண்ணே, இதற்கெல்லாம் அப்பன் சண்டை ஒன்று உண்டு. சோனியும் நிண்டெண்டோவும் சேர்ந்து சிடி போடுகிற மெஷின் செய்வதாக இருந்தார்கள். 1991 ஜூனில் சிகாகோ கண்காட்சியில் சோனி அதை அறிவித்தது. மறுநாளே நிண்டெண்டோ, பிலிப்ஸோடு சேர்ந்துவிட்டதாகச் சொன்னது. ஊர் முன்னால் அவமானப்பட்ட சோனி தனியாகச் செய்ததுதான் 1994 டிசம்பரில் வந்த பிளேஸ்டேஷன். செகா 2001-இல் டிரீம்காஸ்ட் என்ற கன்சோலோடு மெஷின் செய்வதையே விட்டது. அதே வருடம் மைக்ரோசாப்ட் எக்ஸ்பாக்ஸோடு வந்து உட்கார்ந்தது.

நான் அப்போது எக்ஸ்பாக்ஸ் கட்சி. ஒரே காரணம், பெரியப்பா பையன் சிங்கப்பூரிலிருந்து அனுப்பியது அதுதான். நண்பர்கள் எல்லாரும் பிளேஸ்டேஷன் 2. லாரன்ஸ் ரோடு பக்கம் மணிக்கணக்கில் ஆட விடும் கடையிலும் அதுவே. அவர்கள் டிஸ்க் மாற்றிக்கொள்வார்கள், நான் வேடிக்கை பார்ப்பேன். எது பெரிய மெஷின் என்று விடியவிடியப் பேசியதெல்லாம் சும்மா. பக்கத்து வீட்டில் என்ன டிஸ்க் இருக்கிறது என்பதுதான் கணக்கு.

ஒருநாள் தூசி தட்டத் திறந்தேன். உள்ளே 733 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 3 வகை பிராசசர், என்விடியா கிராபிக்ஸ், அந்தக்காலக் கம்ப்யூட்டர்களில் போடும் சாதாரண ஐ.டி.இ. ஹார்ட் டிஸ்க். அட, இது கம்ப்யூட்டர்! ஆனால் எதையும் கழற்றி வேறு போட முடியாது, ஹார்ட் டிஸ்க்குக்கே பாஸ்வேர்டு பூட்டு. அன்றைக்கே கம்ப்யூட்டர் கட்சிக்கு மாறிவிட்டேன்.

மஞ்சக்குப்பத்து அக்கா:

நான் ஆடுகிறவள் இல்லை, ஆடுகிற ஒருவனுக்கு அக்கா.

2011 டிசம்பர் 30, தானே புயல். கடலூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டாம். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் சாய்ந்து, கரண்ட் கம்பங்கள் வரிசையாக விழுந்து, நாள்கணக்கில் இருட்டு. கரண்ட் திரும்பியபோது வோல்டேஜ் ஏறி இறங்கி விளையாடியது. தம்பியின் கன்சோலும் என் அசெம்பிள் கம்ப்யூட்டரும் ஒரே சுவிட்ச் போர்டில் இருந்தன. இரண்டும் ஒரே ராத்திரியில் அடங்கின.

அவன் கன்சோலைத் தூக்கிக்கொண்டு பாண்டி, சென்னை என்று அலைந்தான். போர்டே போய்விட்டது, புதுசு வாங்கிக்கொள் என்றார்கள். பாதி முடித்து வைத்திருந்த ஆட்டங்களும் அதோடு போயின. நான் கேபினெட்டைத் திறந்தேன். உள்ளே எல்லாவற்றுக்கும் கரண்ட் தரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் தனியாக உருவி, பெரிய 24 பின் கனெக்டரில் பச்சை ஒயரையும் ஒரு கறுப்பு ஒயரையும் கம்பியால் இணைத்தால் விசிறி சுற்ற வேண்டும். (பழக்கமில்லாதவர்கள் தொடாதீர்கள்.) சுற்றவில்லை. சரி, சந்தேகம் இதன் மேல்தான் என்று அதை மட்டும் மாற்றினேன், பழைய மாதிரி ஓடியது. காலேஜ் ப்ராஜெக்ட் ஹார்ட் டிஸ்க்கில் அப்படியே இருந்தது. ஒருவேளை மதர்போர்டு போயிருந்தாலும் அந்த டிஸ்க்கை வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி எடுத்திருப்பேன்.

இதில் என் சாமர்த்தியம் கம்மி. இன்டெல் 1995-இல் ஏ.டி.எக்ஸ். என்று ஒரு அளவு வகுத்தது. அதனால்தான் ஒரு கம்பெனி எஸ்.எம்.பி.எஸ். இன்னொரு கம்பெனி கேபினெட்டில் அதே நாலு ஸ்க்ரூவில் உட்காருகிறது. யாருடைய தயவும் வேண்டாம். எனக்கு அசெம்பிள் கம்ப்யூட்டரில் பிடித்ததே இதுதான், வேகமெல்லாம் அப்புறம்.

வில்லியனூர் வாசி:

அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2018-இல் பி450 மதர்போர்டில் ஏ.எம்.டி. கம்பெனியின் ரைசன் 5 2600 பிராசசர் போட்டேன். 2022-இல் அதே போர்டில் புதிய ரைசன் 5 5600. பழைய பிராசசர் உள்ளே இருக்கும்போதே பயாஸை, அதாவது போர்டை எழுப்பும் சாப்ட்வேரை, அப்டேட் செய்துவிட வேண்டும், இல்லையென்றால் புதியதை போர்டுக்கு அடையாளம் தெரியாது, திரையில் ஒன்றும் வராது. கழற்றிய 2600 சித்தி பையனிடம் போனது. அவனுடைய பழைய கிராபிக்ஸ் கார்டு மாமா வீட்டுக்குப் போனது. எங்கள் குடும்பத்தில் முழுக் கம்ப்யூட்டரை ஒரே நாளில் வாங்கியவர் கிடையாது. போனஸ் வந்தால் ரேம், சீட்டு எடுத்தால் எஸ்.எஸ்.டி.

கன்சோல் சண்டை போடுகிறவர்களைப் பார்த்தால் இப்போது சிரிப்புதான். 2013-இலிருந்து பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் இரண்டு கட்சிக்கும் சிப் செய்து தருவது அதே ஏ.எம்.டி. 2020-இல் வந்த இரண்டிலும் ஏ.எம்.டி.யின் ஜென் 2 பிராசசர், ஆர்.டி.என்.ஏ. 2 கிராபிக்ஸ். ஒரே தறியில் நெய்த சேலைக்கு வேறு வேறு பார்டர்.

அரியாங்குப்பம் நைட் ஷிப்ட்:

எல்லாரும் ஒரே பக்கம் சாய்கிறீர்களே! ராத்திரி வேலை முடித்து வருகிறவனுக்கு ஒரு மணி நேரம்தான் கிடைக்கும். அதில் டிரைவர் சாப்ட்வேர் அப்டேட், கிராபிக்ஸ் செட்டிங் என்று உட்கார முடியுமா? பட்டனை அழுத்தினால் விட்ட இடத்திலிருந்து ஆட்டம் வர வேண்டும், எனக்கு வருகிறது. விலையையும் நேர்மையாகப் பாருங்கள். 2021 பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் 5 இங்கே 49,990 ரூபாய்க்கு வந்தது. அப்போது கிராபிக்ஸ் கார்டு தட்டுப்பாடு, அதற்கு ஈடான கார்டு மட்டுமே அந்த விலைக்கு அகப்படவில்லை. கன்சோலும் குதிரைக்கொம்பாகத்தான் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொன்று. ஆடி முடித்த டிஸ்க்கை நான் பாதி விலைக்காவது விற்றுவிடுவேன். நீங்கள் ஸ்டீம் என்ற ஆன்லைன் கடையில் கம்ப்யூட்டருக்கு வாங்கிய ஆட்டத்தை யாரிடம் விற்பீர்கள்? எல்லாவற்றையும் கழற்றலாம் என்கிறவர்கள் இதைப் பற்றி மட்டும் வாயே திறப்பதில்லை. ஆன்லைனில் ஆட மாதச் சந்தா கேட்பது எரிச்சல்தான், அதை மறுக்கவில்லை.

தேவனாம்பட்டினம் காத்து:

கடற்கரைப் பக்கம் வீடு உள்ளவர்களுக்கு மட்டும். உப்புக் காற்றில் ரேமின் பித்தளை நிறக் கால்கள் மங்கிவிடும். கம்ப்யூட்டர் ஓடும், திரையில் ஒன்றும் வராது. உடனே கடைக்குத் தூக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ரேமைக் கழற்றி, பள்ளிக்கூட ரப்பரால் மெதுவாகத் தேய்த்து மாட்டுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும். கேபினெட்டைக் கடலைப் பார்த்த ஜன்னலுக்குக் கீழே வைக்காதீர்கள்.

முத்தியால்பேட்டையான்:

எல்லாருக்கும் நன்றி. நைட் ஷிப்ட் தம்பி சொன்னதை மகனிடம் படித்துக் காட்டவில்லை! அண்ணன் வீட்டில் 2012-இல் வாங்கிய கேபினெட், எஸ்.எம்.பி.எஸ். இரண்டும் சும்மா கிடக்கின்றன. அதிலேயே ஆரம்பிக்கலாமா?

மஞ்சக்குப்பத்து அக்கா:

கேபினெட்டை வைத்துக்கொள்ளுங்கள் அண்ணே, எஸ்.எம்.பி.எஸ். வேண்டாம். உள்ளே கெப்பாசிட்டருக்கு வயசாகியிருக்கும், போனால் புதுக் கார்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். புதுசு வாங்கும்போது அதன் மேல் இருக்கும் 80 பிளஸ் முத்திரையை மட்டும் நம்பாதீர்கள். அது எவ்வளவு கரண்ட் வீணாகிறது என்றுதான் சொல்லும், பாதுகாப்பைப் பற்றி ஒன்றும் சொல்லாது. வாரண்டி எத்தனை வருஷம் என்று பாருங்கள். அது சரி, பையனின் நண்பர்கள் எதில் ஆடுகிறார்கள் என்று கேட்டீர்களா?

முத்தியால்பேட்டையான்:

இப்போதுதான் கேட்டேன். எல்லாரும் மொபைலில்.