சாங்கியிலிருந்து துவாசுக்கு மோட்டார் யாட்: லாரியில் ஏற்றிய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் அண்ணன்மார்களே. எங்கள் முதலாளியின் மோட்டார் யாட் ஒன்றைச் சாங்கியிலிருந்து துவாசில் உள்ள பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். இரண்டு எஞ்சினையும் கழற்றியாகிவிட்டது. கயிறு கட்டிக் கடல்வழியே இழுத்துப் போகலாம்தான். ஆனால் கப்பல்கள் ஓயாமல் போய்வரும் சிங்கப்பூர் நீரிணையில் எஞ்சின் இல்லாத படகை இழுத்துப் போக எனக்கு மனசு ஒப்பவில்லை. அதனால் லாரிதான்.

நீளம் 12 மீட்டர், அகலம் 4 மீட்டர். அடிக்கட்டையிலிருந்து மேல்தளக் கண்ணாடி வரை 4.1 மீட்டர். லோ பெட்டில் (தளம் தாழ்ந்த டிரெய்லர்) வைத்தால் 4.5 மீட்டரைத் தாண்டிவிடும், அப்புறம் ஒவ்வொரு மேம்பாலமும் கவலைதான். கண்ணாடியையும் ரேடார் கம்பத்தையும் கழற்றினால் போதுமா? பெர்மிட்டை லாரிக்காரர்களே எடுத்துத் தருவார்களா?

என்னை அதிகம் பயமுறுத்துவது தொட்டில், அதாவது டிரெய்லர் மேல் படகைத் தாங்கி நிற்கும் சட்டம். எடை முழுவதும் அடிக்கட்டையில் உட்கார வேண்டும், பக்கத் தாங்கிகள் சாயாமல் பிடித்தால் போதும். தாங்கியை அளவுக்கு மீறி முறுக்கியதில் ஃபைபர் கையகலத்துக்கு உள்வாங்கி, சுற்றிலும் மயிரிழை வெடிப்பு விட்டிருந்த படகு ஒன்றைப் பார்த்திருக்கிறேன். புரொப்பெல்லரும் சுக்கானும் டிரெய்லர் தரையில் உரசவும் கூடாது. இந்த அளவுக்குத் தொட்டில் செய்து தருபவர் யாராவது தெரியுமா?

டீசல், தண்ணீர்த் தொட்டிகளைக் காலி செய்துவிடுவோம். ஆயிரம் லிட்டர் டீசலே 800 கிலோவுக்கு மேல் வரும்.

கிரேன் வேலை, லோ பெட் ஓட்டும் தம்பிகள் யாராவது இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். கிரேனோடு சேர்த்து எவ்வளவு ஆகும் என்று முதலாளியிடம் இந்த வாரம் சொல்ல வேண்டும்.