அமுக்குவானை ஓவியத்தில் பார்த்தேன், உங்களுக்கு அப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?

நான் பாலக்காடு ஜில்லா, கொழிஞ்சாம்பாறை பக்கம். ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடையில் டிசைன் வேலை. பதினைந்து வயதிலிருந்தே மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை எனக்கு அமுக்குவான் வரும். முழிப்பு வந்துவிடும், ஓட்டு இடுக்கில் விழுகிற வெளிச்சம்கூடத் தெரியும், ஆனால் விரலை அசைக்க முடியாது, நெஞ்சுமேல் என்னமோ ஏறி உட்கார்ந்திருக்கும், அம்மாவைக் கூப்பிட்டால் சத்தம் தொண்டையைத் தாண்டாது. அப்பத்தா, இது பனைமரத்து யட்சி வேலை என்று சொல்லித் தலையணைக்கு அடியில் அருவாள் வைத்தார். வெளியில் யாரிடமும் நான் வாய் திறந்ததில்லை.

போன வருஷம் ஒரு நோம்பி ஃப்ளெக்ஸுக்குக் குதிரைப் படம் தேடும்போது அது வந்து நின்றது. ஹென்றி ஃபியூசெலி 1781-ல் வரைந்த ‘தி நைட்மேர்’. வெள்ளை உடுப்பில் ஒரு பெண், தலையும் கையும் கட்டிலுக்கு வெளியே தொங்க மல்லாந்து கிடக்கிறாள். அவள்மேல் குட்டையாக ஒன்று குந்திக்கொண்டு நேராக நம்மைப் பார்க்கிறது. பின்னால் திரை இடுக்கில் ஒரு குதிரைத் தலை, கண் இரண்டும் கருமணியே இல்லாமல் வெளுத்து. மவுசிலிருந்து கையை எடுத்துவிட்டேன். லண்டனில் 1782-ல் கண்காட்சிக்கு வைத்த படம், இப்போது அமெரிக்காவில் டெட்ராய்ட் மியூசியத்தில் இருக்கிறது. இருநூறு வருஷத்துக்கு முன்னால், எங்கள் ஊர்ப் பேரே கேட்டிருக்காத ஒருவர், என் நெஞ்சில் உட்கார்ந்ததை எப்படிப் பார்த்தார்?

அந்தப் படத்தை போனில் காட்டித்தான் டாக்டரிடம் முதல் தடவையாகச் சொன்னேன். கனவு வருகிற தூக்கத்தில் மூளையே உடம்பைக் கட்டிப்போடுமாம், கட்டு அவிழ்வதற்குள் முழித்தால் இப்படி ஆகுமாம். மல்லாந்து படுத்தால் அதிகம் வரும், ஒருக்களித்துப் படுங்கள் என்றார். வீட்டுக்கு வந்து மறுபடி படத்தைப் பார்த்தேன், அவளும் மல்லாந்துதானே கிடக்கிறாள்! இப்போது வருவது குறைந்திருக்கிறது. அருவாளை மட்டும் எடுக்க மனசு வரவில்லை, அது அப்பத்தா வைத்தது.

பதில்:

தம்பி, நான் வேலந்தாவளம். உங்களுக்கு அந்தக் குதிரைப் படம் மாதிரி, எனக்கு ஸ்பெயின் ஓவியர் கோயா வரைந்த நாய். அவர் காது கேட்காமல் போய், வயதும் எழுபதைத் தாண்டிய பிறகு, மாட்ரிட் பக்கத்தில் தன் வீட்டுச் சுவரிலேயே 14 படம் வரைந்தார், 1819-க்கும் 1823-க்கும் நடுவில். யாரும் கேட்டு வரைந்ததில்லை, அவர் பேரும் வைக்கவில்லை. பெற்ற பிள்ளையைத் தின்கிற சாத்தானின் படம் — தப்பு, சாட்டர்ன், அது பழைய ரோமாபுரிக் கடவுள் — அதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். நான் நின்றது நாயிடம். கீழே தலை மட்டும் தெரிகிறது, மேலே முக்கால்வாசிப் படமும் வெறும் மண் மஞ்சள், அந்த வெறுமையை அது அண்ணாந்து பார்க்கிறது. அப்பா போன மாசம் அது. அதுவரை எனக்கு அழுகை வரவே இல்லை, பஸ்ஸில் போனைப் பிடித்துக்கொண்டு கோபாலபுரம் வரைக்கும் அழுதுகொண்டே போனேன்.

உங்கள் குதிரைப் படம் பெரிய அளவில் இருந்தால் எனக்கும் அனுப்புங்கள் தம்பி. என் தங்கச்சிக்கும் அமுக்குவான் வருகிறது, அவளிடம் காட்ட வேண்டும்.