போக்கர் மேசைக்கு எந்த ஃபோம்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

ரம்பத்தூள்:
ஃபோம் வாங்கும்போது எல்லோரும் விரலால் அமுக்கிப் பார்த்து, மெத்தென்று இருப்பதை எடுத்து வந்துவிடுகிறார்கள். மேசை கெடுவது அங்கேதான். மேசைப் பலகைக்கும் மேல் துணிக்கும் நடுவே போடும் ஃபோமுக்கு வேலை இரண்டே இரண்டு. சீட்டின் ஓரம் நகத்துக்கு அகப்பட வேண்டும், சில்லு (பந்தயத்துக்கு வைக்கும் வட்டு) விழுந்தால் பலகைச் சத்தம் கேட்கக் கூடாது. சீட்டின் கனம் சுமார் 0.3 மி.மீ. ஓரத்தை விரல் நுனியால் அழுத்தினால் அந்த இடம் ஒரு மி.மீ. இறங்கி, நகம் அடியில் புகுந்துவிடும். அதற்கு 6 மி.மீ. ஃபோமே தாராளம்.

3 மி.மீ. போட்டால் பிளைவுட்டின் திருகுத் தலையும் புட்டி மேடும் துணிக்கு மேல் தெரியும். 10 மி.மீ.க்கு மேல் போனால் வேறு தொல்லை. 20 சில்லு அடுக்கினால் 39 மி.மீ. அகலத்தில் 66 மி.மீ. உயரக் கம்பம். பக்கத்தில் ஒருவர் முழங்கையை ஊன்றினால் போதும், கம்பம் சாயும், தம்ளரும் சாயும்.

வகை என்று பார்த்தால் மூடிய செல் கொண்ட, அதாவது குமிழ்கள் தனித்தனியாக அடைபட்ட, கிராஸ்லிங்க்டு (மூலக்கூறு இழைகள் ஒன்றோடொன்று பிணைந்த) பாலிஎத்திலீன். வோலாரா என்ற பெயரில் கிடைப்பது இதுதான். அடர்த்தி கன மீட்டருக்கு 30 கிலோவை ஒட்டி இருந்தால் சரி. பார்சலுக்குச் சுற்றி வரும் வெள்ளை ஷீட்டும் பாலிஎத்திலீன்தான், ஆனால் கிராஸ்லிங்க் செய்யாதது. குமிழ் பெரிதாக, மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கும். ஒருமுறை மடிந்தால் அந்தக் கோடு போகவே போகாது.

நாலு ஆணி:
கடையில் எது மூடிய செல், எது திறந்த செல் என்று குழம்ப வேண்டாம். ஃபோமில் வாயை வைத்து ஊதுங்கள். காற்று மறுபக்கம் வந்தால் திறந்த செல். சிந்திய பானம் போகிற வழியும் அதேதான். உள்ளே இறங்கியது காயாது, நாளடைவில் நாறும், பூஞ்சை பிடிக்கும். மேலே ஸ்பீடு கிளாத் (சீட்டு வழுக்கி ஓடும் போக்கர் மேசைத் துணி) போட்டால் நீர் கொஞ்ச நேரம் முத்து முத்தாக நிற்கும், துடைக்க அவகாசம் கிடைக்கும். துடைக்கத் தவறினால் இறங்கிவிடும்.

இன்னொரு சோதனை. கையகலத் துண்டு வாங்கி, அதன்மேல் 20 சில்லு அடுக்கி, இரண்டு கிலோ எடை ஏற்றி ஒரு நாள் வையுங்கள். எடுத்து ஒரு மணி நேரம் கழித்தும் வட்டப் பள்ளம் தெரிந்தால் அந்த ஷீட் வேண்டாம்.

கார் கூரையில் ஒட்டும் துணி சேர்ந்த மெல்லிய ஃபோமையும் சிலர் போடுகிறார்கள். கைக்கு அது தரும் சுகம் தனி, மறுக்கவில்லை. ஆனால் அது பாலியூரித்தேன், வயதானால் பொடியாக உதிரும். பழைய கார்களில் கூரைத் துணி தொங்குவதற்குக் காரணமும் அதுதான்.

பின்னூசி:
யோகா பாய் போதாதா என்று யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். பாயின் அகலம் சுமார் 60 செ.மீ. 120 செ.மீ. மேசைக்கு இரண்டு பாயை நீளவாக்கில் போட்டால் இணைப்பு விழுவது நட்டநடுவில். எல்லோருக்கும் பொதுவான சீட்டுகளை வரிசையாக விரிக்கும் இடமும் அதுவே. துணிக்கு அடியில் மயிரிழைப் பள்ளம் இருந்தாலும் சீட்டு ஒருபக்கம் தூக்கி நிற்கும். மேசையின் அகலத்தை முழுதாக மூடும் ஒரே ஷீட்டாக வாங்குங்கள்.

இணைக்காமல் முடியாது என்றால் இரண்டு விளிம்பையும் ஒன்றன்மேல் ஒன்றாக 2 செ.மீ. ஏற்றிவைத்து, இரும்பு ஸ்கேலைப் பிடித்துப் புது பிளேடால் ஒரே இழுப்பில் இரண்டையும் சேர்த்து வெட்டுங்கள். கோடு வளைந்தாலும் இரண்டும் ஒரே மாதிரி வளைந்திருக்கும், பொருந்திவிடும். இணைப்பின்மேல் டேப் ஒட்டாதீர்கள். டேப்பின் ஓரமே ஒரு மேடு.

ரம்பத்தூள்:
ஒட்டுவதைச் சொல்லாமல் விட்டேன். சுருட்டி வந்த ஷீட்டை ஒரு நாள் விரித்துப் போட்டுச் சுருள் போகவிடுங்கள். பிளைவுட்டை உப்புத்தாள் போட்டுத் துடைத்துவிடுங்கள், ஒரு மணல் துகள் கிடந்தாலும் பிறகு கைக்குத் தட்டும். வெள்ளை மரப்பசை பிடிக்காது. அது காய்வது நீர் வெளியேறித்தான், இந்த ஷீட்டோ நீரை உறிஞ்சாத வழவழப்பான பிளாஸ்டிக். ஸ்ப்ரே பசைதான் சரி. பலகை, ஃபோம் இரண்டிலும் மெல்லிசாக அடித்து, தொட்டால் விரலில் ஒட்டாமல் பிசுபிசுக்கும் பதம் வந்ததும் நடுவிலிருந்து ஓரத்துக்கு உருளை ஓட்டி அமுக்குங்கள். ஒரே இடத்தில் கட்டியாக அடித்தால் அந்தத் திட்டு மேலே தெரியும்.

துணியை ஃபோமில் ஒட்டவே ஒட்டாதீர்கள். பசை துணியில் ஊறிக் கறையாகும், பிறகு துணி மாற்றும்போது ஃபோமும் பிய்ந்து வரும். துணியை இழுத்து அடிப்பக்கம் ஸ்டேப்பிள் அடித்தால் போதும்.

நாலு ஆணி:
ஸ்டேப்பிளில் ஒன்று கவனிக்க வேண்டும். பலகை 12 மி.மீ. என்றால் ஸ்டேப்பிள் பின்னின் நீளம் 8 அல்லது 10 மி.மீ. 14 போட்டால் முனை பலகையைத் துளைத்து ஃபோமுக்குள் நிற்கும், கையில் குத்தின பிறகுதான் தெரியும். முதலில் நான்கு பக்கமும் நடுவில் ஒவ்வொன்று அடித்து, எதிரெதிர்ப் பக்கமாக மாறி மாறிப் போங்கள். நேர்ப் பக்கத்தில் 5 செ.மீ.க்கு ஒன்று, வளைவில் 2 செ.மீ.க்கு ஒன்று. துணியில் சுருக்கம் மறைந்ததும் நிறுத்திவிடுங்கள், அதற்கு மேல் இழுத்தால் நெசவு கோணலாகும்.

சீட்டாடும் பலகை, கை வைக்கும் விளிம்புக்குள் இறங்கி உட்காரும் வகை என்றால், ஃபோமைப் பலகையின் ஓரத்தோடு ஓரமாக வெட்டுங்கள். ஓரத்தில் மடித்துவிட்டால் பலகை உள்ளே போகாது. துணியும் ரெக்ஸினும் சேர்ந்து இடம் பிடிக்கும் என்பதால் சுற்றிலும் 3 மி.மீ. இடைவெளி விட்டுப் பலகையை அறுங்கள்.

பின்னூசி:
கை வைக்கும் விளிம்புக்கு இந்த 6 மி.மீ. கணக்கு செல்லாது. அங்கே 25 மி.மீ. பாலியூரித்தேன், அடர்த்தி 32 முதல் 40 வரை. மேலே ரெக்ஸின் இருப்பதால் திறந்த செல் ஆனாலும் பானம் உள்ளே போகாது, தையல் வழியாகப் போனால்தான் உண்டு. அடர்த்தியும் கெட்டித்தன்மையும் ஒன்றல்ல என்பதை மட்டும் மனதில் வையுங்கள். 40 எழுதியிருந்தும் கொழகொழ என்று இருக்கும் ஃபோம் உண்டு. இரண்டு முழங்கையும் ஊன்றிப் பாருங்கள், மரம் தட்டினால் வேறு துண்டு கேளுங்கள்.