சென்னை வெயிலுக்கு லெதர் ஜாக்கெட்டா, டெக்ஸ்டைலா?

ஓஎம்ஆர்_ரைடர்:
வணக்கம். வண்டி ஹிமாலயன் 450. வார நாட்களில் வேளச்சேரியிலிருந்து சிறுசேரி வரை ஆபீஸ், அவ்வப்போது ஏலகிரி, ஜவ்வாது மலை, லீவு கிடைத்தால் வால்பாறை. இதுவரை ஹெல்மெட்டும் கையுறையும் மட்டும்தான். இப்போது ஜாக்கெட், பேன்ட் இரண்டும் வாங்கப் போகிறேன். விழுந்தால் லெதர்தான் காப்பாற்றும் என்று நண்பன் அடித்துச் சொல்கிறான், கடையில் கேட்டால் காற்றோட்டமான வலைத்துணி, அதாவது மெஷ் போதும் என்கிறார்கள். மே மாதத்தில் லெதரைப் போட்டுக்கொண்டு சோழிங்கநல்லூர் சிக்னலில் நிற்க முடியுமா? பட்ஜெட் இரண்டுக்கும் சேர்த்து 25,000.

மலைப்பாதை:
துணியா தோலா என்பதற்கு முன்னால் உள்ளே தைத்திருக்கும் லேபிளைப் பாருங்கள். ஐரோப்பியத் தரமான ஈஎன் 17092 போட்டிருந்தால் பக்கத்திலேயே ஏஏஏ, ஏஏ, ஏ என்று வகுப்பும் இருக்கும். துணியைச் சுழற்றி கான்கிரீட்டில் தேய்க்கவிட்டுச் சோதிக்கிறார்கள். தோள், முழங்கை, முழங்கால் மாதிரி முதலில் தரையில் படும் இடங்களுக்கு ஏஏஏ என்றால் மணிக்கு சுமார் 120 கிமீ வேகத்தில் சோதனை, ஏஏ என்றால் 70, ஏ என்றால் 45. பி வகுப்பில் அடியைத் தாங்கும் பட்டைகளான ஆர்மரே கிடையாது. நீங்கள் சொல்லும் ஓட்டத்துக்கு ஏஏ வகுப்பு டெக்ஸ்டைல் சரியாக இருக்கும். முழுக்க மெஷ்ஷாக இருப்பதைவிட, நெஞ்சிலும் முதுகிலும் மெஷ், தோளிலும் முழங்கையிலும் கெட்டியான கார்டுரா துணி என்று கலந்து வருவதை எடுங்கள். அப்புறம் ஒன்று, நிறைய ஜாக்கெட்டில் முதுகுப் பக்கம் வெறும் ஸ்பாஞ்சுதான் வைத்திருப்பார்கள், அதைத் தூக்கிப் போட்டுவிட்டு அதிக அடி தாங்கும் லெவல் 2 பேக் ப்ரொடெக்டர் (முதுகு ஆர்மர்) வாங்கி வைத்துவிடுங்கள்.

ட்ராக்_டே:
உங்கள் நண்பன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 1.2 முதல் 1.4 மில்லிமீட்டர் கனமுள்ள மாட்டுத்தோல் தேய்மானத்தைத் தாங்குகிற மாதிரி சாதாரண பாலியஸ்டர் தாங்காது, உராயும் சூட்டில் பாலியஸ்டர் உருகவும் செய்யும். இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கில் ரேஸ் ஓட்டுபவர்கள் லெதர் சூட்டில்தான் இறங்குகிறார்கள். சின்னதாக விழுந்தால் லெதரைத் தைத்துத் திரும்பப் போடலாம், டெக்ஸ்டைல் பெரும்பாலும் ஒரு விழுகையோடு முடிந்துவிடும். ஆனால் தயவுசெய்து பெரியமேட்டில் அழகாகத் தொங்குகிறதே என்று ஃபேஷன் ஜாக்கெட்டை வாங்கிவிடாதீர்கள். அது மெல்லிய ஆட்டுத்தோல், ஒற்றைத் தையல், ஆர்மர் வைக்கவே இடமிருக்காது, ரோட்டில் விழுந்தால் முதலில் தையல்தான் பிரியும். உண்மையான ரைடிங் லெதர் ஜாக்கெட் ஒன்றுக்கே உங்கள் பட்ஜெட் போய்விடும்.

கோவை_ரைடர்_அக்கா:
ட்ராக்கைப் பற்றி அவர் சொன்னது சரி, தினமும் ஆபீஸ் போகிறவருக்கு அது பொருந்தாது தம்பி. ஓட்டை போட்ட லெதரும் வண்டி ஓடும்போதுதான் காற்று விடும், சிக்னலில் நின்றால் வெந்துவிடும். இரண்டு நாள் போட்டுவிட்டு மூன்றாம் நாள் வீட்டிலேயே மாட்டிவிட்டுப் போனால் அது ஏஏஏ ஆக இருந்து என்ன பயன்? அதுவும் ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த லெதரை நிழலில் காயவைத்து, எண்ணெய் போட்டு, பூஞ்சை பிடிக்காமல் பார்த்துக்கொள்வது தனி வேலை.

மழைக்கு ஜாக்கெட்டுக்குள்ளே மாட்டும் லைனரை (தண்ணீர் புகாத உள்ளுறை) நம்பாதீர்கள். வெளித்துணி நனைந்து கனக்கும், மாட்டுவதற்கு ரோட்டோரம் ஜாக்கெட்டைக் கழற்ற வேண்டும். மேலே போடும் மழைக்கோட்டு போதும். அளவு ரொம்ப முக்கியம்: கடையில் போட்டுப் பார்க்கும்போது வண்டியில் உட்கார்ந்து கையை நீட்டி ஹேண்டில் பிடியுங்கள், முழங்கை ஆர்மரைக் கையால் திருகினால் நகரக் கூடாது. தொளதொளவென்று இருந்தால் விழும்போது ஆர்மர் ஒரு பக்கம், முழங்கை ஒரு பக்கம்தான்.

ஓஎம்ஆர்_ரைடர்:
ரொம்ப நன்றி. அப்போ டெக்ஸ்டைல்தான். ஜாக்கெட்டுக்கு 15,000 வரை போகலாமா, பேன்ட்டை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாமா?

கோவை_ரைடர்_அக்கா:
வேண்டாம். ஜாக்கெட்டைக் கொஞ்சம் குறைத்தாவது பேன்ட்டையும் சேர்த்தே வாங்குங்கள், விழுந்தால் முழங்காலும் இடுப்பும் முதலில் அடிபடும், ஜீன்ஸ் துணி அதற்கு ஒன்றுமே இல்லை. ஜாக்கெட்டையும் பேன்ட்டையும் இணைக்கும் ஜிப் இருக்கிறதா என்று பாருங்கள், சறுக்கும்போது ஜாக்கெட் மேலே ஏறாது.

மலைப்பாதை:
கூடவே கணுக்கால் மூடிய பூட்ஸும். ஆபீஸ் ஷூவோடு வால்பாறை ஏறாதீர்கள்.